மூடுதல் வேறு, மறைத்தல் வேறு: தேஹு ரோட்டின் கீழ்த்தளங்களை முன்வைத்து

தமிழ்நாட்டுக் கொத்தனார் ஒருவரிடம் ‘பேஸ்மட்டம்’ என்று சொன்னால், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டி, அதன்மேல் வீட்டை எழுப்பும் மேடையைக் காட்டுவார். மகாராஷ்டிரத்தில் ‘பேஸ்மென்ட்’ என்றால் அது மண்ணுக்குள் இறங்கும் ‘தள்கர்’. ஒரே ஆங்கிலச் சொல், ஓரிடத்தில் மழைநீர் வீட்டுக்குள் வராமல் தடுக்கும் உயரத்தையும், இன்னோரிடத்தில் மழைநீர் முதலில் வந்து சேரும் பள்ளத்தையும் குறிக்கிறது. புனேயை அடுத்த தேஹு ரோட்டில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இவ்விரு பொருளையும் அறிந்தவை. ஊரில் அவர்களுடைய பாட்டனார் வீடு மேட்டில் நின்றது. இங்கே பேரப்பிள்ளைகள் வாங்கும் அடுக்ககம் மண்ணுக்கு அடியிலும் ஒரு தளம் கொண்டிருக்கிறது.

தேஹு ரோடு தெற்கே பவனா, வடக்கே இந்திராயணி என்ற இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம். படைக்கலக் கிடங்கைச் சுற்றி வளர்ந்து 1958இல் கண்டோன்மென்ட் ஆன ஊர். பழைய மும்பை–புனே நெடுஞ்சாலையும் லோணாவளா செல்லும் புறநகர் ரயிலும் இதன் ஊடாகச் செல்கின்றன. இராணுவ நிலத்தில் கட்டுப்பாடுகள் இருப்பதால் கண்டோன்மென்டின் பெரும்பகுதி இன்றும் தாழ்ந்த கட்டடங்களுடன் இருக்கிறது. ஆனால் எல்லையைத் தாண்டியதும் கிவளே, ராவேத், மாமுர்டி, கஹுஞ்சே எனப் பல மாடிக் குடியிருப்புகள் எழுந்து நிற்கின்றன. ஒரு பக்கம் கண்டோன்மென்ட் வாரியம், இன்னொரு பக்கம் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி, மற்றொரு பக்கம் 2015இல் அமைக்கப்பட்ட புனே பெருநகர வளர்ச்சி ஆணையம். சாக்கடைக் குழாய்க்கு இந்த எல்லைகள் தெரியா. சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே அது ஓடும். ஆகவே ஒரு நிர்வாகத்தின் எல்லைக்குள் அடைபடும் குழாய், இன்னொரு நிர்வாகத்தின் எல்லைக்குள் இருக்கும் கீழ்த்தளத்தை நனைக்கக்கூடும்.

இத்தகைய வட்டாரங்களில் கீழ்த்தளம் ‘முடிக்கப்படும்’ விதம் கவனிக்கத்தக்கது. கட்டுநர் ஒப்படைக்கும்போது அது வெறும் கான்கிரீட் கூடம். கூரையோரமாகக் கழிவுநீர்க் குழாய்கள் தொங்கும். சுவரில் கேட் வால்வுகளும் மின்சார டி.பி. பெட்டியும் இருக்கும். தரையில் சேம்பர் மூடிகள், நஹானி டிராப், ஒரு மூலையில் சம்ப் குழியும் பம்பும் காணப்படும். சில ஆண்டுகளில் அந்த இடம் உடற்பயிற்சிக் கூடமாகவோ, தனிப்பயிற்சி வகுப்பாகவோ, வீட்டு அலுவலகமாகவோ, விருந்தினர் அறையாகவோ மாற்றப்படுகிறது. அப்போது அழகுக்காகச் செய்யப்படும் முதல் வேலை மறைப்பு. குழாய்க்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வருகிறது. வால்வுக்கு முன்னால் பிளைவுட் அலமாரி நிற்கிறது. சேம்பர் மூடியின்மேல் இடைவெளியின்றி டைல்ஸ் ஒட்டப்படுகிறது. டி.பி. பெட்டியின்மேல் ஒரு சட்டமிட்ட படம் தொங்கவிடப்படுகிறது. வேலை முடிந்ததும் அந்த அறையில் குழாயோ கம்பியோ இருப்பதற்கான தடயமே இல்லை. உரிமையாளர் அதைத்தான் ‘பினிஷிங்’ என்கிறார்.

இதை ஒரு சிறிய வீட்டலங்காரப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டடத்தின் கைநுழையும் வாய்கள் எல்லாம் அதன் ஆயுளோடும், அதற்குள் இருப்போரின் உயிரோடும், அதைப் பழுதுபார்க்க வருவோரின் உயிரோடும் தொடர்புடையவை. அந்த வாய்களை மூடிவைக்கலாம். இருக்கும் இடமே தெரியாதபடி அழிப்பது தவறு. மூடுதலுக்கும் மறைத்தலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சட்டமும் கட்டடக் கல்வியும் நடுத்தர வர்க்க ரசனையும் போதிய அளவு கருதவில்லை என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

முதலில் இந்த வாய்கள் எதற்காக என்பதைப் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளாது. எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் மணலும் திருப்பங்களில் தேங்கும். எனவேதான் குழாய் திசைமாறும் இடத்திலும், சரிவு மாறும் இடத்திலும், இரண்டு குழாய்கள் சேரும் இடத்திலும் சேம்பர் வைக்கப்படுகிறது. ஆள் நுழைய முடியாத அளவுள்ள நேர்க்குழாயிலும் 30 மீட்டருக்கு ஒரு ஆள்நுழைவுக் குழி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் நெடுநாள் வழக்கம். அந்த 30 மீட்டர் எண்ணின் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. அடைப்பு எடுக்கும் கம்பி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்குத்தான் வாய் இல்லாமல் குழாய் ஓடலாம். இடையிலுள்ள ஒரு சேம்பர் டைல்ஸுக்குக் கீழே போய்விட்டால் அந்தத் தூரம் இரட்டிப்பாகிறது. கம்பி எட்டாத பகுதி ஒன்று உருவாகிவிடுகிறது.

கீழ்த்தளத்துக்கு இன்னொரு தனி ஆபத்து உண்டு. தெருச் சாக்கடையின் மட்டத்தைவிட அது தாழ்ந்திருக்கும். பெருமழையில் தெருக்குழாய் நிரம்பினால், நீர் வந்த வழியே திரும்பி, இருப்பதிலேயே தாழ்ந்த துளை வழியாக மேலே எழும். அந்தத் துளை பெரும்பாலும் கீழ்த்தளக் கழிவறையிலோ நஹானி டிராப்பிலோதான் இருக்கும். இதைத் தடுப்பதற்கு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துவார்கள். அதன் மடலில் கசடு ஒட்டினால் அது முழுமையாக மூடாது. ஆண்டுக்கு ஓரிருமுறை திறந்து துடைக்க வேண்டும. அலமாரிக்குப் பின்னால் போய்விட்ட வால்வை எவரும் துடைப்பதில்லை. அது இருப்பதே அடுத்த குடியிருப்பாளருக்குத் தெரிவதில்லை. சம்ப் பம்பின் மிதவைச் சுவிட்சுக்கும் இதே நிலைதான். புனே வட்டாரத்தின் அடியிலுள்ள தக்காணப் பசால்ட் பாறையில் நீர் அதன் வெடிப்புகள் வழியே ஊர்ந்து வரும். பாறையை வெட்டி இறக்கப்பட்ட கீழ்த்தளம், ஆறு பெருகாத காலத்திலும் பருவமழைக்குப்பின் கசிவைச் சந்திக்கும். சம்ப் பம்பு ஓடுகிறதா என்று பார்க்க முடியாத கீழ்த்தளத்தில் முதல் எச்சரிக்கை தரையின் ஈரமாகவே வரும்; அதற்குள் காலம் கடந்திருக்கும்.

இது வெறும் ஊகமன்று. 2024 ஜூலை 27 அன்று மாலை டெல்லி பழைய ராஜேந்திர நகரில் ஒரு குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அவர்களுள் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வாளர். வாகனம் நிறுத்தவும் பொருள்கள் வைக்கவும் அனுமதிக்கப்பட்ட கீழ்த்தளம் நூலகமாகப் பயன்பட்டுவந்தது என்பது அப்போது பெரிதும் பேசப்பட்டது. அந்த அளவுக்குப் பேசப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. கட்டடத்தின் முன்புற மழைநீர் வடிகால் மேலே முற்றாக மூடப்பட்டு, அதைத் தூர்வாருவதற்கான வழியே விடப்படவில்லை என்று மாநகராட்சியின் முதற்கட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது. விபத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்கு மண்வாரி இயந்திரங்கள் வந்து வடிகால்மேல் போடப்பட்டிருந்த சரிவுத்தளங்களையும் கற்பலகைகளையும் பெயர்த்தெடுத்தன. உயிர் இருந்தபோது திறக்கப்படாத வாய், உயிர் போனபின் இடித்துத் திறக்கப்பட்டது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. பயிற்சி மையங்கள் மரணக் கூடங்களாகிவிட்டன என்று உச்சநீதிமன்றம் சாடியது. பொதுவிவாதம் பயிற்சி மையங்களின் பேராசையைச் சுற்றியே நின்றது. ஒரு கடையின் முகப்பை அழகாக்கப் போடப்பட்ட கற்பலகை ஒரு தெருவின் வடிகாலை எப்படிப் பயனற்றதாக்கியது என்ற கேள்வி ஓரமாகவே நின்றுவிட்டது.

கீழ்த்தளத்தில் நீர் புகும் வேகத்தைப் படிப்பாளிகளும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் வெளிப்புறத்தில் 60 சென்டிமீட்டர் நீர் நின்றால், அக்கதவின்மேல் ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்தும். நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் அது ஏறத்தாழ 500 கிலோ ஆகிவிடும். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளி இயற்பியல்தான். இடுப்பளவு நீருக்கு எதிராகக் கதவைத் தள்ளித் திறக்கலாம் என்று நம்புவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

டெல்லி நிகழ்வுக்கு இரண்டு நாள்கள் முன்பு, ஜூலை 25 அன்று, புனேயே நீரில் மிதந்தது. கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் முட்டா ஆற்றில் பெருகி, சிங்ககட் சாலைப் பகுதியின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அதே நாள் விடியலில் நகரின் டெக்கான் பகுதியில் தள்ளுவண்டியை நகர்த்த முயன்ற மூவர் மின்சாரம் தாக்கி இறந்தனர். 2025 மே மாதம் பெங்களூரு பி.டி.எம். லேஅவுட் பகுதியில் அடுக்ககம் ஒன்றின் வெள்ளம் சூழ்ந்த கீழ்த்தளத்திலிருந்து நீரை இறைக்க முயன்றபோது 63 வயது முதியவரும் 12 வயதுச் சிறுவனும் மின்சாரம் பாய்ந்து இறந்தனர். இந்த மரணங்களுக்கு மறைக்கப்பட்ட பெட்டிதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நீரும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் காலம் நொடிகளில் கணக்கிடப்படுகிறது என்பதை இவை சொல்கின்றன. அந்த நொடியில் முதன்மை மின்வெட்டுச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீரில் கால்வைக்காமல் எட்ட வேண்டும். அது படத்துக்குப் பின்னாலோ, சோபாவுக்கு அப்பாலோ, பூட்டிய அலமாரிக்குள்ளோ இருக்கலாகாது.

கீழ்த்தளத்தை அறையாக்குவது வெகுவாகப் பரவிய வட அமெரிக்காவில் இதற்கென வெளிப்படையான விதிகள் உள்ளன. அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பின்படி, கம்பிகள் இணையும் பெட்டி எதையும் கட்டடத்தின் எந்தப் பகுதியையும் உடைக்காமல் எட்ட முடிய வேண்டும். மின்பலகைக்கு முன்னால் பொதுவாக 30 அங்குல அகலமும் 36 அங்குல ஆழமும் கொண்ட வெற்றிடம் எப்போதும் இருக்க வேண்டும். இவ்விதிகளின் மொழியைக் கூர்ந்து நோக்கினால், அவை குடியிருப்பவரைவிடப் பழுதுபார்க்க வருபவரின் உடலை அளவாகக் கொண்டவை என்பது புரியும். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் கீழ்த்தளத்துக்குள் மேற்பரப்பு நீர் வராதபடி ஏற்பாடு வேண்டும், சுவரும் தரையும் நீர்புகாதவையாக இருக்க வேண்டும் என்கிறது. எந்தெந்தப் பயன்பாட்டுக்குக் கீழ்த்தளம் உரியது என்றும் வரையறுக்கிறது. இங்கே விதிகளின் இன்மை குறையன்று. கட்டி முடித்துச் சான்றிதழ் பெற்ற பிறகு உள்ளே நடக்கும் மாற்றங்களை எவரும் பார்ப்பதில்லை என்பதே குறை. சான்றிதழ் வழங்கும் நாளில் சேம்பர் திறந்திருக்கிறது. டைல்ஸ்காரர் வருவது அதற்குப் பிறகு.

இந்த மறைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியில்தான் இது அழகியல் எல்லையைத் தாண்டிச் சாதியின் எல்லைக்குள் நுழைகிறது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்தத் தடைச் சட்டம், உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுத்தொட்டியிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014இல் உச்சநீதிமன்றம் இத்தகைய மரணம் ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2023–24 ஒன்றிய நிதிநிலை அறிக்கை, ‘மேன்ஹோல்’ என்ற நிலையிலிருந்து ‘மெஷின்ஹோல்’ என்ற நிலைக்கு எல்லா நகரங்களும் மாறும் என அறிவித்தது. சொல் நல்ல சொல்தான். ஆனால் இயந்திரத்துக்கும் வாய் வேண்டும். கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பாண்டிகூட்’ இயந்திரம் ஆள்நுழைவுக் குழியின்மேல் நின்றுதான் தன் கரத்தை உள்ளே இறக்குகிறது. ஜெட்டிங் வண்டி தெருவில் நின்று குழாயை நீட்டுகிறது. கீழ்த்தளத்தின் உள்ளே, தாழ்ந்த கூரைக்குக் கீழே, டைல்ஸுக்கு அடியில் இருக்கும் சேம்பருக்கு அந்த வண்டியும் வராது, அந்த இயந்திரமும் வராது.

வருவது மனிதன். உரிமையாளர் தொலைபேசியில் யாரையோ அழைப்பார். அவர் கூலிக்கு இருவரைக் கூட்டிவருவார். எந்த இடத்தில் சேம்பர் என்று தெரியாததால் மூன்று இடங்களில் தரை உடைக்கப்படும். ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாத குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். காற்றைவிடக் கனமான அவ்வாயு அடியில் தேங்கும். குறைந்த செறிவில் அழுகிய முட்டையாக நாறும்; செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று இறங்குபவன் மீள்வதில்லை. அவனைத் தூக்க இறங்குபவனும் மீள்வதில்லை. புனேயை ஒட்டிய வாகோலியில் 2022 அக்டோபரில் ஒரு குடியிருப்பு வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் இவ்வாறே இறந்தனர். இத்தகைய வேலைக்கு வருவோர் எந்தச் சமூகத்தினர் என்பதைக் கேட்டறியும் தேவை இந்தியாவில் எவருக்கும் இல்லை.

காலனியக் கண்டோன்மென்ட் பங்களாக்களின் குளியலறைகளுக்கு வெளிப்புறமாக ஒரு தனிக்கதவு இருந்தது. துப்புரவுப் பணியாளர் வீட்டுக்குள் கால்வைக்காமல் பின்புறமாக வந்து மலத்தொட்டியை எடுத்துச் செல்வதற்கான கதவு அது. தமிழ்நாட்டு நகரங்களின் பழைய தெருக்களுக்குப் பின்னால் ஓடும் துப்புரவுச் சந்துகளும் அதே தருக்கத்தில் பிறந்தவை. அந்தக் கட்டட முறை கொடியது. ஆனால் பணியாளர் ஒருவர் வருவார் என்ற உண்மையையாவது அது வரைபடத்தில் ஒத்துக்கொண்டது. இன்றைய ‘முடிக்கப்பட்ட’ கீழ்த்தளம் அந்த ஒப்புதலையும் துடைத்துவிடுகிறது. கழிவு உண்டாவதே இல்லை, ஆகவே அதை அகற்ற எவரும் வரவேண்டியதில்லை என்ற பாவனையில் அந்த அறை நிற்கிறது. சாதி மறைந்துவிடவில்லை; அதன் கதவுதான் மறைந்திருக்கிறது. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் வந்து புத்தர் சிலையை நிறுவிய ஊர் தேஹு ரோடு. ஆண்டுதோறும் அந்த நாளில் திரள்வோரின் நினைவில் வாழும் ஊரில் இந்தக் கேள்வி கேட்கப்படாவிட்டால் வேறெங்கே கேட்கப்படும்?

மறுதரப்பு வாதங்களை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். முதலாவது, திறந்த வாய் ஆபத்தானது என்பது. உண்மை. 2017 ஆகஸ்ட் 29 அன்று மும்பைப் பெருமழையில், நீர் வடியட்டும் என்று திறந்துவிடப்பட்ட ஆள்நுழைவுக் குழியில் விழுந்து மூத்த மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகள் விழும் செய்தி எல்லா மாநிலங்களிலிருந்தும் வருகிறது. இரும்பு மூடிகள் திருடப்படுகின்றன. சேம்பர் வழியே கரப்பான்களும் நாற்றமும் வருகின்றன. ஆகவே மூட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த வாதம் நல்ல மூடியைத்தான் கோருகிறது. மூடியே தெரியாத தரையைக் கோரவில்லை. ரப்பர் விளிம்புள்ள இரட்டை மூடி நாற்றத்தை அடைக்கும். உள்வலை விழுவதைத் தடுக்கும். மூடியின் இடம் தெரிவதால் எந்தக் கேடும் இல்லை.

இரண்டாவது வாதம், தன் வீட்டில் தன் விருப்பம் என்பது. தனிவீட்டின் சுவர் வண்ணத்துக்கு இது பொருந்தும். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஓடும் குழாய் மேலேயுள்ள பத்து வீடுகளின் கழிவைச் சுமக்கிறது. அதன் வாயை ஒருவர் மறைப்பது, அந்தப் பத்து வீடுகளின் சார்பில் அவர் தனியே எடுக்கும் முடிவு. அவரே ஐந்தாண்டில் வீட்டை விற்றுவிட்டுப் போகக்கூடும். வாங்குபவருக்கு டைல்ஸ் மட்டும் கைமாறும். அதற்கடியில் இருப்பதைப் பற்றிய அறிவு கைமாறாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கட்டடக் குறைபாடுகளுக்குக் கட்டுநரை ஐந்தாண்டுக் காலத்துக்குப் பொறுப்பாக்குகிறது. ஆறாம் ஆண்டில் கசிவு தெரியவரும்போது எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று சொல்ல எவரும் இருப்பதில்லை.

மூன்றாவது வாதம் அழகு. இதைக் கேலிசெய்து தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை மனித இயல்பு. படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பின் ஓரறையில் வளர்ந்த ஒருவர், தன் மகளுக்கென ஒரு படிப்பறையைக் கீழ்த்தளத்தில் அமைக்கும்போது அங்கே சாக்கடைக் குழாய் தெரிய வேண்டும் என்று எந்த அறிஞரும் அவருக்கு உபதேசிக்க முடியாது. ஆனால் அழகும் வழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தரைக் கல்லையே தட்டில் பதித்துத் தூக்கி எடுக்கக்கூடிய உள்வாங்கிய மூடிகள் சந்தையில் கிடைக்கின்றன. ஃபால்ஸ் சீலிங்கில் அதே வண்ணத்தில் ஒரு டிராப் டோர் வைக்க ஆகும் செலவு, பின்னர் சீலிங்கை உடைத்துக் கட்டும் செலவின் சிறு பங்குதான். அலமாரியின் பின்பலகையை ஆணியடிக்காமல் காந்தத்தில் நிறுத்தலாம். இவற்றைத் தச்சரும் டைல்ஸ்காரரும் அறிவார்கள். ‘ஒரு டோர் விட்டுடலாம் சார்’ என்று அவர்கள் சொல்வதும் உண்டு. வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் வீட்டுக்காரரே.

ஆய்வுலகத்துக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. கட்டமைப்பு என்பது வேலை செய்யும்வரை கண்ணுக்குத் தெரியாது, பழுதானபோதே தெரியவரும் என்று சூசன் லீ ஸ்டார் 1999இல் எழுதிய கட்டுரை, சமூக அறிவியல் துறைகளில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுவருகிறது. அந்தக் கருத்து இந்தியச் சூழலில் ஒரு திருத்தத்தை வேண்டுகிறது. இங்கே கட்டமைப்பு தானாகக் கண்ணிலிருந்து மறைவதில்லை; பணம் கொடுத்து மறைக்கப்படுகிறது. அத்துடன் அது எல்லோருக்கும் ஒரே அளவில் மறைந்திருப்பதும் இல்லை. தினமும் சேம்பர் திறப்பவருக்குப் பழுது விதிவிலக்கான நிகழ்வன்று, அதுவே அவருடைய தொழில். கட்டமைப்பின் ‘கண்ணுக்குத் தெரியாமை’ என்பது யாருடைய கண்ணை அளவுகோலாகக் கொண்டது என்று கேட்க வேண்டும்.

கட்டடக் கலையும் இதைப் பேசியிருக்கிறது. அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்த லூயி கான், கட்டடத்தின் இடங்களை ஏவல் பெறுபவை, ஏவல் செய்பவை என இரண்டாகப் பிரித்தார். குழாய்க்கும் படிக்கட்டுக்கும் உரிய இடத்தைக் கொடுக்காவிட்டால் அவை பிற இடங்களைக் கெடுத்துவிடும் என்பது அவர் பார்வை. 1977இல் திறக்கப்பட்ட பாரிசின் பொம்பிடு மையம் குழாய்களை வெளிச்சுவரிலேயே நிறுத்தி, காற்றுக்கு நீலம், நீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள் என வண்ணம் பூசியது. இது பாரிசுக்கு மட்டும் உரிய அறிவன்று. தமிழ்நாட்டுப் பழைய ஏரிகளின் குமிழித்தூம்பு கரைக்கு உள்ளே, நீருக்கடியில் இருக்கும். அதில் நீர் செல்ல நீரோடித் துளையும் வண்டல் வெளியேறச் சேறோடித் துளையும் தனித்தனியே உண்டு. ஏரி நிரம்பியிருக்கும் காலத்தில் தூம்பு எங்கே என்று தெரிவதற்காக நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு கல்தூண்கள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் தூம்பு அமைத்தவரின் பெயர் கல்வெட்டாகவும் உள்ளது. வாய் நீருக்குள் மூடியிருந்தது. அதன் இடமோ தொலைவிலிருந்தே தெரிந்தது. இறங்கித் திறக்கப் போகிறவனைக் கணக்கில் வைத்துக் கட்டிய அமைப்பு அது. சிந்துவெளி நகரங்களின் வடிகால்களும், தூர்வாரும்போது எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கக்கூடிய செங்கற்களாலும் கற்களாலும் மூடப்பட்டிருந்தன.

செய்ய வேண்டியவை எளியவை. சுவரும் கூரையும் மூடப்படுவதற்கு முந்தைய நாள், ஒவ்வொரு குழாய்க்கும் பெட்டிக்கும் அருகே அளவுநாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்து, குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு படி கொடுக்கலாம். ரியல் எஸ்டேட் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி கட்டுநர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டிய வரைபடங்களைச் சங்கங்கள் கேட்டு வாங்கலாம். கீழ்த்தள நுழைவாயிலில் அவற்றுள் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டலாம். கீழ்த்தள உள்வேலைக்குச் சங்கம் அனுமதி தரும்போது, சேம்பர், வால்வு, சம்ப், முதன்மைச் சுவிட்ச் ஆகிய நான்கும் எதையும் உடைக்காமல் திறக்கப்பட வேண்டும் என்ற ஒற்றை நிபந்தனையை வைக்கலாம். பருவமழைக்கு முன்பு, மே மாதத்தில் ஒருமுறை, எல்லா மூடிகளையும் சங்கத்தார் முன்னிலையில் திறந்து மூடலாம். திறக்காத மூடி எது என்பது அன்றே தெரிந்துவிடும். மாநகராட்சியும் கண்டோன்மென்ட் வாரியமும் நிறைவுச் சான்றிதழோடு தங்கள் கடமை முடிந்ததாகக் கருதாமல், வணிகப் பயன்பாட்டிலுள்ள கீழ்த்தளங்களையாவது மழைக்கு முன்பு ஆண்டுதோறும் பார்வையிட வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பிறரை நோக்கிப் பேசுவதற்கு முன்பு தங்கள் சொந்தக் கீழ்த்தளங்களுக்குள் இறங்கிப் பார்க்கலாம். நூலகச் சேமிப்பறை, ஆய்வக மின்னறை, விடுதிப் படிப்பறை என எத்தனையோ இடங்கள் மண்ணுக்கு அடியில் இருக்கின்றன. அவற்றின் சேம்பர் எங்கே, சுவிட்ச் எங்கே என்பது துறைத்தலைவருக்குத் தெரியுமா? பல நிறுவனங்களில் அது தெரிந்த ஒரே நபர் ஒப்பந்தப் பிளம்பராகவோ, ஓய்வுபெறவிருக்கும் எலக்ட்ரீசியனாகவோ இருப்பார். அவருடைய அறிவை எழுதிவைக்கும் ஆய்வேடு எதுவும் இதுவரை பதிவாகவில்லை என்றால், அதற்கான தலைப்பு காத்திருக்கிறது. குடிமைப் பொறியியல் மாணவருக்குப் புதுக் கட்டடம் வடிவமைக்கக் கற்பிக்கும் அளவுக்கு, நாற்பதாண்டுக் கட்டடத்தைத் திறந்து பார்க்கவும் கற்பிக்க வேண்டும்.

தேஹு ரோட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தேஹு, துக்காராமின் ஊர். இந்திராயணி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட அவருடைய அபங்கச் சுவடிகள் பதின்மூன்று நாள்கள் கழித்து நனையாமல் மேலே வந்தன என்று அவ்வூர் நம்புகிறது. நீருக்குள் போனவை எல்லாம் அப்படித் திரும்பி வருவதில்லை. ராஜேந்திர நகரில் மூவர் திரும்பவில்லை. வாகோலியில் தொட்டிக்குள் இறங்கியவர்கள் திரும்பவில்லை. அடுத்த பருவமழைக்குள் தேஹு ரோட்டிலும் கிவளேயிலும் ராவேத்திலும் இன்னும் பல கீழ்த்தளங்களுக்கு டைல்ஸ் ஒட்டப்படும். அவற்றில் ஒரு மூடிக்கு ஒரு விரல் நுழையும் பிடியை விட்டுவைப்பது டைல்ஸ்காரருக்கு அரைமணி நேர வேலை.